ஆவணியில் வருகிறோம், ஐப்பசியில் தேவைப்படுகிறோம்

(உடையார்கட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொந்த மண்ணில் பயணம் செய்வதைப் பற்றியும், அந்தப் பயணத்தில் ஊருக்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். உடையார்கட்டில் நின்று அதைப் பேசுவதற்குப் பொருள் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியே போதும். பரந்தன் சந்தியில் பஸ் ஏறினால் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு தாண்டி இங்கே வந்து சேருகிறோம். கிழக்கே வள்ளிபுனம், கைவேலி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று வீதி கடலைத் தொடும்வரை போகிறது. இந்தப் பெயர்களைச் செய்தியில் மட்டும் கேட்டவர்களுக்கு இது போர் நடந்த வீதி. உங்களுக்கோ இது பள்ளிக்கூடம் போகிற வீதி, நெல் ஏற்றுகிற வீதி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு விடியவெள்ளனப் புறப்படுகிற வீதி. இரண்டும் உண்மைதான். வெளியிலிருந்து வருகிறவர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார் என்பதே என் கவலை. அதனால்தான் அவர் மனமுவந்து செய்கிற உதவியும் பல நேரங்களில் இடம் மாறி, காலம் மாறிப் போய்ச் சேருகிறது.

நம் முன்னோர் பயணத்தையும் பொதுப்பணியையும் தனித்தனியாக வைக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளில் இன்றும் சில சுமைதாங்கிகள் நிற்கின்றன. தலையில் பாரத்தோடு நடந்து போகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே பாரத்தை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொள்ளும் உயரத்தில் கட்டியது அது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் அதைக் கட்டுவது வழக்கம். பக்கத்தில் ஒரு கேணி இருக்கும், மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் இருக்கும், வசதி இருந்தால் ஒரு மடமும் இருக்கும். பருத்தித்துறையில் வீதியையே கூரைக்குள் எடுத்து, இருபக்கமும் திண்ணை வைத்துக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வெயிலில் வருகிறவர் மடத்தைத் தேடி ஒதுங்கவேண்டியதில்லை, நடந்து போகிற போக்கிலேயே நிழல் கிடைத்துவிடும். கட்டியவருக்கு அதில் உட்காரப்போகிறவரின் பெயர் தெரியாது, சாதி தெரியாது, ஊர் தெரியாது. தங்கள் வீட்டு இழப்பை, முகம் தெரியாத வழிப்போக்கரின் ஆறுதலாக மாற்றிக்கொண்ட மக்கள் அவர்கள். இதைவிட உயர்ந்த நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது.

வன்னியில் மடங்கள் குறைவு. காடும் தூரமும் அதிகம். இங்கே பயணிகளைத் தாங்கியவை குளக்கட்டின் மருத மரங்களும் வீதியோரப் பிள்ளையார் கோயில்களும்தான். முறிகண்டியை நினைத்துப் பாருங்கள். கண்டி வீதியில் வருகிற லொறி, பஸ், கார் எதுவானாலும் நின்று, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். அவசரமாகப் போகிறவரும் நிற்பார். நெடும்பயணத்தில் சாரதி கண்ணைத் திறந்து, காலை நீட்டிக்கொள்ளும் இடமாகவும், கச்சான் விற்கிற பெண்களின் வீட்டு அடுப்பு எரியக் காரணமாகவும் அந்த வழக்கம் இருக்கிறது. பக்தி அங்கே வீதிப் பாதுகாப்பாகவும் வருமானமாகவும் வேலை செய்கிறது.

இன்னொன்று, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரை. வன்னியூடாக வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வந்து, கிழக்குக் கரையைப் பிடித்துத் தெற்கே, குமணக் காட்டையும் யாலக் காட்டையும் கடந்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கும் பயணம் அது. நடப்பவர்கள் சமையற்காரரைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. வழிநெடுக ஊர்கள் சோறு போடுகின்றன, தண்ணீர் வைக்கின்றன, கோயில் மண்டபத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கின்றன. எந்த ஊரில் நல்ல தண்ணீர், எந்த இடத்தில் யானை மறிக்கும், எந்தக் களப்பை எந்த நேரத்தில் கடக்கலாம் என்பதை முன்னே நடந்தவர்கள் பின்னே வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போர்க்காலத்தில் அறுந்துபோன அந்த நடை மறுபடி தொடர்ந்திருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலும் ஒருவகையில் நடையின் திருவிழாதான். சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பிறகு வைகாசித் திங்களில் வற்றாப்பளையில் பொங்கல். கடலோர ஊரும் வயல் ஊரும் ஒன்றுக்கொன்று வழி தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருப்பதாகவே நான் பார்க்கிறேன்.

இனி, இந்த மண் எப்படி மண்ணானது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னியைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். அந்தக் காலத்து வன்னி உடைந்த குளங்களின் நாடு. காய்ச்சலும் பறங்கி நோயும் மக்களைத் தின்ற நாடு. ஊர் என்று பெயர் இருக்கும், போய்ப் பார்த்தால் சில குடும்பங்களே இருக்கும். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தை 1902 இல் தொடங்கி 1920 இல் கட்டி முடித்தார்கள். 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றம் வந்தது. குடாநாட்டில் காணியில்லாத பிள்ளைகள் இந்தப் பக்கம் இறங்கினார்கள். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் 1960களின் பிற்பகுதியில் படித்த இளைஞர்களுக்குக் காணி கொடுத்தார்கள். 1970களில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அவர்கள் செய்த மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்கே போயின. சைக்கிளில் வந்தவர்கள் உழவு இயந்திரம் வாங்கினார்கள்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வந்தன. அப்போதுதான் வவுனியாவை மையமாக வைத்துக் காந்தீயம் என்ற அமைப்பு வேலை செய்தது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் இருவரும் அதன் முன்னோடிகள். படித்து, நல்ல தொழில் பார்த்து, வசதியாக இருந்திருக்கக்கூடிய இரண்டு மனிதர்கள். அவர்கள் வன்னியைச் சுற்றிப் பார்த்தார்கள், பார்த்த இடத்தில் தங்கினார்கள். காணி, கிணறு, குடிசை என்று தொடங்கியவர்கள் அதோடு நிற்கவில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பயிற்றி முன்பள்ளி ஆசிரியைகளாக்கினார்கள். குடாநாட்டு இளைஞர்கள் தொண்டர்களாக வந்து சேர்ந்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் தப்பி, பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டில் வாழ்ந்து, முதுமையில் ஊர் திரும்பி 2015 இல் கிளிநொச்சியில் கண்மூடினார். வன்னியில் பொதுப்பணி என்று பேசுகிற எவரும் இந்த இரண்டு பெயர்களைத் தாண்டிப் போகக்கூடாது. நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர் தெரியாமல் இருப்பது வேதனை.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அடுத்த மாதங்களில் அந்த மக்களில் பெருந்தொகையானோர் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தார்கள். 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனபோது உள்ளூர்களிலிருந்து உழவு இயந்திரங்கள் பெட்டியோடு கரைக்கு ஓடின. உயிரோடிருந்தவர்களையும் இறந்தவர்களையும் ஏற்றி வந்தன. அன்றைய உழவு இயந்திரச் சாரதிகளுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை நடத்தியிருக்கவில்லை.

வந்தாரை வாழவைக்கும் வன்னி என்று மேடைதோறும் சொல்கிறோம். வாழவைத்தது உண்மை. எல்லோரையும் ஒரேபோல் வாழவைக்கவில்லை என்பதும் உண்மை. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களில் எத்தனையோ பேர் இரண்டு தலைமுறையாகக் காணி உறுதி இல்லாமல், இன்னொருவர் வயலில் கூலிக்கு நின்று, குளத்து நீர் எட்டாத மேட்டுக்காணியில் இருக்கிறார்கள். வருகிறவர்கள் இந்த ஊரின் பெருமையோடு இதையும் பார்க்கவேண்டும். இருக்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்கவும் கூடாது.

2009 ஐப் பற்றி இந்த மண்டபத்தில் அதிகம் பேச எனக்கு உரிமை இல்லை. இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் அதை உடம்பில் வைத்திருக்கிறீர்கள். வெளியே இருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சில வரிகள். 2009 ஜனவரி 21 இல் அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த ஏறக்குறைய 35 சதுர கிலோமீற்றருக்குள் உடையார்கட்டும் இருந்தது. நம்பி வந்து கூடிய மக்கள் மேல் அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. இங்கே இடம்பெயர்ந்து இயங்கிய ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஆஸ்பத்திரியைக் கட்டிலும் மருந்துப் பெட்டியுமாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்து, பள்ளிக்கூட மேசையைச் சத்திரசிகிச்சைக் கட்டிலாக்கி, கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை போனார்கள் அரச வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும். போக வழி இருந்தபோதும் போகாமல் நின்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். சேவை என்ற சொல்லை நாம் எவ்வளவு இலேசாகப் பாவிக்கிறோம் என்று எனக்கு அவர்களை நினைக்கும்போது தோன்றும்.

பிறகு வீதி திறந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரித்து விழுத்தப்பட்ட நீர்த்தாங்கியைப் பார்த்தார்கள், புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் நிலக்கீழ் வீட்டைப் பார்த்தார்கள், கரையில் ஒதுங்கிக் கிடந்த ஃபரா கப்பலைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் இந்த ஊர்களின் சொந்தக்காரர்கள் பலர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமின் கம்பி வேலிக்குள் இருந்தார்கள். முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். வீட்டுக்காரர் திரும்பி வருமுன்னே அவர் வளவைப் பார்வையாளர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன காலம் அது. ஒரு இடத்தைக் காட்சியாக மட்டும் பார்ப்பது என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதனால் நம்மவர்கள் வரும்போதாவது வேறுமாதிரி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

வேறுமாதிரி என்றால் எப்படி? வெளிநாட்டு உறவுகள் எப்போது வருகிறீர்கள்? யூலை, ஆகஸ்டில் வருகிறீர்கள். அங்கே பள்ளி விடுமுறை, இங்கே நல்லூர்த் திருவிழா, கல்யாணங்கள். ஆடி, ஆவணி வன்னி எப்படி இருக்கும்? சோளகம் அடிக்கும், புழுதி பறக்கும், குளம் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடக்கும், சிறுபோகம் அறுவடையாகி வயல் வெட்டையாக இருக்கும், கிணற்றில் வாளி கல்லில் முட்டும். இதைப் பார்க்கிறவர் மனம் வருந்துகிறார். உடனே ஒரு குழாய்க்கிணறு அடிக்கக் காசு தருகிறார். பிள்ளைகளுக்குக் கொப்பி, பை வாங்கிக் கொடுக்கிறார். நல்ல மனம்தான். ஆனால் எங்கள் பாடசாலை ஆண்டு தொடங்குவது தையை ஒட்டி. ஆவணியில் கொடுத்த கொப்பி தைக்கு முன் முடிந்துவிடும். பத்துப் பதினைந்து வளவுகளுக்குள் பல குழாய்க்கிணறுகள் இறங்கினால் பழைய கிணறுகளின் நீர்மட்டம் என்னாகும் என்று யாரும் கேட்பதில்லை. கிணற்றுக்கு நீர் ஊறுவதே குளத்தில் நீர் நிற்பதால்தான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் நிறைகுளத்தைக் கண்டதில்லை.

நீங்கள் தேவைப்படும் காலம் வேறு. புரட்டாதியில் குளக்கட்டு வேலை. ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம். தை, மாசியில் அறுவடை, பிள்ளைகளின் வகுப்பேற்றம் எல்லாம் கிட்டக்கிட்ட வரும். 2018 மார்கழி 21, 22 இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்டன, ஊர்கள் நீருக்குள் போயின, ஆயிரக்கணக்கானவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். அந்த இரவுகளில் வேண்டியிருந்தது கொப்பியோ பையோ இல்லை. ஓடக்கூடிய உழவு இயந்திரம், எரிபொருள், உலர்ந்த பாய், பால்மா, வெள்ளம் வடிந்த பின் கிணறு இறைக்க நீர்ப்பம்பி, இறைத்த கிணற்றுக்குப் போட குளோரின், இவைதான் வேண்டியிருந்தன. அந்தக் குளோரினை ஒருகாலத்தில் ஆனையிறவு உப்பை வைத்து இதோ இந்தப் பரந்தன் தொழிற்சாலையிலேயே செய்தோம் என்பதையும் இளைய தலைமுறை அறியவேண்டும்.

குளக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே உள்ள கமக்காரர்களுக்கு இது பழங்கதை, வந்திருப்பவர்களுக்குப் புதுக்கதை. உடையார்கட்டுக் குளத்தின் கட்டில் ஏறி மெதுவாக நடந்து பாருங்கள். உட்சரிவில் அலைகல் அடுக்கியிருக்கும். குளம் நிறைந்து வாடைக்காற்று வீசும்போது அலை வந்து மண்ணை அரிக்காமல் அது காக்கிறது. ஒரு கல் பெயர்ந்தால் முதலில் கையளவு பள்ளம், நாலு நாள் வாடையில் ஆள் உட்காரும் அளவுக்குக் குடைவு. கட்டின் முதுகில் தானாக முளைக்கிற மரம் நிழல் தருகிறதே என்று விட்டுவிடுவோம். அந்த மரம் பட்டுப்போகும் நாளில் வேர் உக்கி, வேரின் பருமனில் கட்டுக்குள் ஒரு துவாரம் விட்டுப்போகும். தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். எலி, உடும்பு, முள்ளம்பன்றி தோண்டிய வளைகளும் அப்படித்தான். வெளிச்சரிவின் அடியில் கசிவு கண்டால் அனுபவமுள்ளவர் குனிந்து அந்த நீரைக் கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் பொறுக்கலாம். கலங்கியிருந்தால் கட்டின் மண்ணும் கூடவே வருகிறது என்று அர்த்தம். அன்றிரவு மண்மூட்டையோடு ஊர் முழுக்கக் கட்டில்தான் நிற்கவேண்டும்.

இதற்காகத்தான் மழைக்கு முன் கட்டுச் செதுக்குகிறோம், பத்தை வெட்டுகிறோம், மிகைநீர் வழியும் வான் வழியில் அடைத்திருப்பதை எடுக்கிறோம், தண்ணீர் திறக்கிற துருசின் திருகுக்குக் கிறீஸ் பூசி ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம், வயல் அளவுக்கு ஏற்ற பங்கில் வாய்க்கால் துப்புரவாக்குகிறோம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நாள் குறிக்கப்படும், தண்ணீர் திறக்கிற திகதி சொல்லப்படும், கட்டாக்காலி மாடுகளைக் கட்டுகிற நாள் சொல்லப்படும். ஒரு ஊரின் சட்டமன்றம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் போய் உட்காரவேண்டும். அவ்வளவு சத்தம், அவ்வளவு நியாயம். வயது போனவர்கள் வட்டவிதானை காலத்து வழக்கத்தைச் சொல்வார்கள், பொடியன்கள் மறுப்பார்கள், கடைசியில் ஒரு திகதிக்கு எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

வெளிநாட்டு அண்ணாமாரே, அக்காமாரே, ஒருமுறையாவது புரட்டாதியில் வாருங்கள். லீவு கிடைக்காதென்றால், ஆவணியில் கொண்டுவந்த காசை ஐப்பசிக்கென்று வைத்துவிட்டுப் போங்கள். யாரிடம் வைப்பது என்று கேட்பீர்கள். ஏற்கெனவே நிற்கிற அமைப்புகளிடம்தான். கமக்காரர் அமைப்பு இருக்கிறது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, சனசமூக நிலையம் இருக்கிறது. இவை குறையில்லாதவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கு வாசிக்கவேண்டிய கட்டாயம் இவற்றுக்கு உண்டு. பிழை இருந்தால் எழுந்து நின்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. புதிதாக ஒரு பெயர்ப்பலகை நட்டு, மூன்று வருடத்தில் களைத்துப்போய் விட்டுப் போகிறவரிடம் அந்த உரிமை நமக்கு இல்லை.

இதோடு சேர்த்து ஒரு மனவருத்தத்தையும் சொல்லியாகவேண்டும். அண்மைக் காலமாகக் கமராவோடு வீடு வீடாகப் போய், ஒரு தாயை நிற்கவைத்து அவள் வறுமையைச் சொல்லவைத்து, அழவைத்து, அதைக் காணொளியாகப் போட்டு, உதவி சேர்க்கிறோம் என்கிற வழக்கம் வடக்கெங்கும் பரவியிருக்கிறது. வீட்டுக்குள் அடுப்பைக் காட்டு, கிழிந்த பாயைக் காட்டு, பிள்ளையின் முகத்தைக் காட்டு என்று கேட்கிறார்கள். ஒரு மூட்டை அரிசிக்காக அந்தப் பிள்ளை தன் வகுப்பில் தலைகுனிந்து நிற்கவேண்டியிருக்கிறது. சுமைதாங்கி கட்டியவர்கள் பாரம் இறக்குகிறவரின் முகத்தை நின்று பார்க்கவில்லை. பெறுகிறவரின் மானத்தைக் காத்துக் கொடுக்கத் தெரிந்த சமூகத்தின் பிள்ளைகள் நாம். படம் எடுத்தால்தான் காசு வரும் என்றால் அந்தக் காசு வேண்டாம் என்று சொல்கிற துணிவு ஊருக்கு வரவேண்டும். பெண் தலைமை தாங்குகிற குடும்பங்கள் இத்தனை இருக்கிற மண்ணில் இது சின்ன விடயம் இல்லை.

இங்கேயே இருக்கிற இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயணம் என்றால் விமானம் ஏறுவது என்று நினைத்துவிடாதீர்கள். உடையார்கட்டிலிருந்து முத்தையன்கட்டுக் குளம் எவ்வளவு தூரம்? போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கொக்கிளாய்க் களப்பை, தண்ணிமுறிப்பை, குருந்தூரை, கேப்பாப்புலவை, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை, பண்டாரவன்னியனின் நினைவுக்கல் நிற்கிற கற்சிலைமடுவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சைக்கிளில் போய்ப் பார்க்கமுடியாத தூரத்திலா இவை இருக்கின்றன? இவற்றில் சில இடங்களின் பெயர் அடிக்கடி செய்தியில் அடிபடுகிறது. காணி யாருடையது, காடு யாருடையது, கோயில் யாருடையது என்ற வழக்குகள் நடக்கின்றன. நேரில் போய்ப் பார்த்திராத இடத்துக்காகப் பேசுகிற குரலுக்குப் பலம் குறைவு. பாலைப்பழக் காலத்தில் நாலு பேர் சேர்ந்து புறப்படுங்கள். கூட்டமாகப் போங்கள், பாதை தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கள். யானை நடமாட்டத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருக்கிற எல்லையை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள்.

அந்தச் சிவப்புப் பலகைக்கு உள்ளே வேலை செய்கிறவர்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஹேலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களில் கண்ணிவெடி அகற்றுகிற எங்கள் பெண்கள் இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்தவர்கள், தனியே பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பலர் அதில் உண்டு. விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, கனத்த கவசமும் முகமூடியும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழந்தாளிட்டு, முன்னே ஒரு முழ மண்ணை மெல்ல மெல்ல வாரிப் பார்த்து, அது பயமற்ற மண் என்று உறுதியான பின்னரே அடுத்த முழத்துக்கு நகர்கிறார்கள். 2017 இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இவர்கள் வேலை செய்கிறார்கள். இந்த மண்ணை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. நாங்கள் இன்று கால் வைத்து நடக்கிற வயல்வரம்பு அவர்கள் கொடுத்தது. இந்த ஊர் விழாக்களில் பொன்னாடை போர்த்தவேண்டுமென்றால் முதலில் அவர்களைத்தான் மேடைக்கு அழைக்கவேண்டும்.

பயணத்தையும் பொதுப்பணியையும் சேர்த்துச் செய்வதற்கு நாட்டின் தெற்கிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொளுவ என்ற கிராமத்துக்குப் போனார். பட்டணத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, உண்டு, மண் சுமந்தார்கள். சர்வோதயம் அங்கிருந்துதான் வளர்ந்தது, சிரமதானம் என்பது நாடு முழுக்கப் பரவியது. நம் பாடசாலைகள் கல்விச் சுற்றுலா என்று கண்டிக்கும் கொழும்புக்கும் பஸ் பிடித்துப் போகின்றன. போகட்டும், பிள்ளைகள் மிருகக்காட்சிச்சாலையையும் பார்க்கவேண்டும். அதோடு வருடத்தில் ஒரு தடவை பக்கத்து ஊருக்குப் போய் ஒரு நாள் தங்கி, ஒரு வேலை செய்துவிட்டு வரட்டும். புதுக்குடியிருப்புப் பிள்ளைகள் மாங்குளம் பக்கம் போகட்டும், கொக்கிளாய்க் கரையோரப் பிள்ளைகள் இங்கே வரட்டும். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் துருசு தெரியாது, வயல்காரன் பிள்ளைக்குக் கரைவலை தெரியாது. முல்லைத்தீவு என்ற ஒரே மாவட்டத்துக்குள்தான் இவர்கள் இருவரும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலையை இந்தச் சபையிலேயே ஒப்படைக்க விரும்புகிறேன். வன்னியின் குளங்கள் தனித்தனியாக நிற்பவை இல்லை. ஒன்றின் வான் பாய்ந்து கீழே உள்ள அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்து அதற்கும் கீழே போகும். எந்தக் குளம் எதற்கு மேலே, எந்த ஓடை எங்கே சேருகிறது, எந்தச் சின்னக்குளம் தூர்ந்து இப்போது வளவாகிவிட்டது என்பதெல்லாம் எழுபது எண்பது வயதுக்காரர் சிலரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. திணைக்களத்து வரைபடங்களில் பெரிய குளங்கள் இருக்கும், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மோட்டைகள் இருக்காது. வெள்ளம் வருகிறபோது அந்தச் சின்னவைதான் முதலில் உடைகின்றன. உயர்தர வகுப்புப் புவியியல் மாணவர்கள் ஆறேழு பேர், இரண்டு ஆசிரியர்கள், கட்டில் நடக்கக்கூடிய பெரியவர்கள் மூன்று பேர், கைத்தொலைபேசியில் இடத்தைக் குறிக்கத் தெரிந்த ஒரு பொடியன், இவ்வளவு பேர் போதும். வெளிநாட்டு உறவுகள் சாப்பாட்டுச் செலவையும் அச்சுச் செலவையும் ஏற்றுக்கொள்ளலாம். இந்த ஆவணியிலேயே குளங்கள் வற்றியிருக்கும்போது உள்ளே இறங்கி நடந்து பார்த்து வரைந்துவிடலாம். வரைந்ததில் ஒரு பிரதி பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று கமநல சேவை நிலையத்துக்கு, ஒன்று கிராம அலுவலரின் அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு. மழை தொடங்குவதற்கு முன் அது சுவரில் இருக்கவேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் அதிபரிடம் பெயரைக் கொடுங்கள்.